நாற்பது நிமிடம் உள்ளே, இருபது நிமிடம் வெளியே

இன்று காலை ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு என் மனைவி சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஃப்ரீசர் சுவரில் ஒட்டிக்கிடந்த பனியைக் கரண்டிக் காம்பால் பெயர்த்து சிங்க்கில் போட்டாள். டம்ளர் கழுவப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். பழைய பனிக்கு ஒரு வாசனை உண்டு. தகரத்தை நாக்கால் தொட்டது மாதிரி இருக்கும். உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் என்னால் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சிட்லபாக்கத்தில், மே மாத வெயிலில், சமையலறை சிங்க்கின் முன்னால் உன் ஞாபகத்தில் நின்றேன்.

"என்னாச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். ஒரு வருஷமாக எல்லோருக்கும் இதே பதில்தான்.

மேற்குத் தாம்பரத்தில் நாம் வேலை பார்த்த செல்போன் கடையை மூடிய வாரமே இருவரும் அந்த ஸ்நோ பார்க்குக்கு இன்டர்வியூ போனோம். மேடவாக்கத்தைத் தாண்டி, வெளியிலிருந்து பார்த்தால் குடோன் மாதிரி ஒரு கட்டிடம். உள்ளே மைனஸ் ஐந்து டிகிரி, முழங்கால் வரை இயந்திரம் தூவிய பனி, குழந்தைகள் ட்யூபில் சறுக்கி வர ஒரு சரிவு. "குளிர் தாங்குவீங்களா?" என்று மேனேஜர் கேட்டார். நீ யோசிக்கவே இல்லை. "சார், நான் முடிச்சூர். வெள்ளத்துல ரெண்டு நாள் மொட்டை மாடியில நனைஞ்சிகினு நின்னவன்." அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்கும் சேர்த்து வேலை கிடைத்தது.

தினமும் காலையில் முடிச்சூரிலிருந்து பைக்கில் வருவாய். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் நான் ஏறிக்கொள்வேன். போனதும் முதல் வேலை பூட்ஸ். முந்தின நாள் ஈரம் காயாத ரப்பர் பூட்ஸ்களை அளவு பார்த்து அடுக்கி, உள்ளே மருந்து அடிக்க வேண்டும். பிறகு ஜாக்கெட்டுகள். ஊரில் உள்ள அத்தனை பேரின் வியர்வையும் அவற்றில் இருக்கும். குழந்தைக்கு ஜாக்கெட், கையுறை, தொப்பி எல்லாம் மாட்டி முடிக்கிற நேரத்தில் அது ஒன்னுக்குப் போகணும் என்று அழும். நீ சலித்துக்கொண்டதே இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி ஒவ்வொன்றாக மாட்டுவாய்.

சரிவின் அடியில் நிற்பதுதான் உன் இடம். மேலிருந்து வரும் ட்யூபைக் காலால் தடுத்து, கையால் பிடிக்க வேண்டும். "கால தூக்கு கண்ணு, கால தூக்கு!" என்று நாள் முழுக்கக் கத்துவாய். ஒருமுறை வயதான ஒருவர் குனிந்து ஒரு பிடி பனியை அள்ளி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அன்று வெளியே டீ குடிக்கும்போது, "கோயில் மாதிரி நெனச்சிட்டாரு மச்சான். நான் இன்னா பூசாரியா?" என்றாய். கதவைத் திறந்து வெளியே வந்தால் வெயில் முகத்தில் அறையும். உன் கண்ணாடி சட்டென்று வெள்ளையாகிவிடும். அதைத் துடைக்காமலே, தடவித் தடவி டீக்கடை வரை நடப்பாய்.

மணாலியிலிருந்து ஒரு பயிற்சியாளரைப் பத்து நாள் வரவழைத்தார்களே, நினைவிருக்கிறதா? பார்க்கில் ஓரமாக ஸ்கீ பழக ஒரு தடம் போட்டிருந்தார்கள். நீளம் மிஞ்சிப்போனால் இரண்டு பஸ். நான் நிற்கும்போதே விழுந்தேன். நீ மூன்றாம் நாளே கால்களை முன்பக்கம் குவித்து, இடுப்பை வளைத்து, அலட்டிக்கொள்ளாமல் இறங்கி வந்தாய். "தாம்பரத்துல ஸ்கீ ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாய். "எங்க ஊர் மலைக்கு வா" என்று அந்தப் பயிற்சியாளர் கூப்பிட்டார். "எதுக்கு சார், அங்கயும் இதே குளிர்தானே?" என்றாய்.

இரண்டாம் வருஷம் என்னை ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். உன்னை ஆக்கியிருக்கலாம். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார் மேனேஜர். உனக்கு வருத்தம் இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை. நீ பரோட்டா வாங்கிக் கொடுத்து, "சூப்பர்வைசர் சார், இனிமே மச்சான்னு கூப்பிடலாமா?" என்று கேலி செய்தாய்.

உள்ளே வேலை பார்ப்பவர்கள் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் வெளியே வர வேண்டும். அது விதி. யார் எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதை எழுதுவது என் வேலை. சாதாரண நாட்களில் சரியாகத்தான் எழுதினேன். கோடை விடுமுறை வந்தால் வாசலில் வரிசை ரோடு வரை நிற்கும், பாதிப் பேர் லீவு போட்டிருப்பார்கள், சரிவின் அடியில் உன்னை விட்டால் ஆள் இருக்காது. ஒன்றரை மணி நேரம் உள்ளேயே நின்றிருப்பாய். நான் நோட்டில் இருபது நிமிடம் வெளியே என்று எழுதுவேன். நீ பார்த்திருக்கிறாய். "எழுதிக்கோ மச்சான், நான் இன்னா கேஸா போடப் போறேன்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனாய்.

போன வருஷம் ஏப்ரலிலேயே உனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மூன்று வாரமாகியும் விடவில்லை. ஒருநாள் பைக்கில் போகும்போது, திரும்பாமலே கேட்டாய்.

"மச்சான், ரெண்டு வாரம் என்ன டிக்கெட் கவுண்டர்ல போடேன். நெஞ்சு ஒரு மாதிரியா கீது."

"லீவு முடியட்டும்டா. ஸ்கூல் தொறந்ததும் மாத்திடறேன்."

"சரி" என்றாய். அவ்வளவுதான். மறுபடி நீ கேட்கவில்லை. மேனேஜரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்கும். ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தெரியாதவன் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். இவ்வளவு சின்ன பயம். இதைவிடப் பெரிய காரணம் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

அந்தச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு உள்ளே போனவன் ஒன்றரைக்குத்தான் வெளியே வந்தாய். பூட்ஸ் மாட்டும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலை மட்டும் கழற்றினாய். உதடு நிறமில்லாமல் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்: "அஞ்சு நிமிஷத்துல வந்துடு, லைன் நிக்குது." கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனாய்.

மூன்று மணி வாக்கில் ஒரு சிறுமி வந்து என் சட்டையை இழுத்தாள். "அங்கிள், அந்த அங்கிள் உக்காந்தே தூங்கறாரு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாய். நுரையீரலில் தொற்று முற்றி, இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். "குளிர்னாலயா டாக்டர்?" என்று கேட்டேன். "அப்படி உறுதியா சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். அந்த 'சொல்ல முடியாது' என்பதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். இப்போது அதுவும் உதவுவதில்லை.

இரண்டாம் நாள் வராந்தாவில் உன் மனைவி கிரேஸ் என்னிடம் வந்தாள். அவள் அழவில்லை. கையில் பைபிளும் பிளாஸ்கும் இருந்தன.

"அண்ணா, அவர நடுவுல வெளிய விட்டீங்கதானே?"

"விட்டோம்மா. நாப்பது நிமிஷத்துக்கு ஒரு வாட்டி. நோட்ல இருக்கு."

"தெரியும்ணா. சும்மா மனசு கேக்கல, அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்தேன்.

நீ போனபின் நாலைந்து மாதம் விதியை அப்படியே கடைப்பிடித்தேன். யாரையும் நாற்பது நிமிடத்துக்கு மேல் உள்ளே விடவில்லை. அதை உனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தீபாவளி விடுமுறை வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, இதோ மறுபடி மே. இந்த வாரமும் நோட்டில் பொய்தான் எழுதினேன். உன் இடத்தில் நிற்பவர் எதுவும் கேட்பதில்லை. செத்தது நீ. அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை முடிச்சூரில் உன் வீட்டில் முதல் வருஷ நினைவுக் கூட்டம். பாஸ்டர் ஜெபம் செய்தார், பாட்டுப் பாடினார்கள். "நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணா" என்று கிரேஸ் என்னை எழுப்பிவிட்டாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். முன்வரிசையில் உன் மகள் உட்கார்ந்திருந்தாள், உன்னைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு. நீ ஸ்கீ ஓட்டிய கதையைச் சொன்னேன். பயிற்சியாளரிடம் நீ சொன்ன பதிலைச் சொன்னேன். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது கிரேஸ் கேட் வரை வந்தாள். ஒரு டப்பாவில் பிரியாணி கட்டிக் கொடுத்தாள். வீட்டில் எல்லோரையும் விசாரித்தாள். தினமும் ராத்திரி ஜெபத்தில் என் பெயரையும் சொல்வதாகச் சொன்னாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, அந்த வேலைய விட்டுடறேன்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு. நீங்க இருந்ததாலதான் அங்க அவ்ளோ நாள் இருந்தாரு" என்றாள். நன்றியாகத்தான் சொன்னாள்.

"வரேம்மா" என்றேன். தெருமுனை வரை வந்து திரும்பிப் பார்த்தேன். இன்னும் கேட்டில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள். நானும் கையசைத்தேன்.