பதினோரு நாள் முந்திப் பறிபோன வீடு

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஓப்பல் அம்மாளின் இரண்டாயிரம் டாலர் வீட்டு வரி பாக்கியை, எங்கள் வரி அலுவலகம் பாக்கிகளை ஏலம் விட்டபோது ஒரு முதலீட்டாளர் கட்டி, அந்தக் கடனைத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார். மூன்று வருடத்துக்குள் ஓப்பல் அம்மாளால் அதை அடைக்க முடியாததால், முழு வீட்டையும் எடுத்துக்கொண்டார். வரி போக மிச்ச மதிப்பு வீட்டுக்காரருக்கே என்று மாநிலம் இப்போது சட்டம் போட்டிருக்கிறது. ஆனால் அது அமலுக்கு வந்தது, வீடு போன பதினோராம் நாள்!

"அதுக்கு முன்னாடி நான் மனுஷி இல்லையாப்பா?" என்று ஓப்பல் அம்மாள் இன்று அலுவலகத்துக்கு வந்து கேட்டார்.

"சட்டம் அப்படித்தாம்மா" என்றார் மேலதிகாரி.

"அது சட்டமில்ல சார், திருட்டுக்கு ரசீது" என்று சொல்லிவிட்டு, மிச்ச மதிப்பைக் கேட்டு ஓப்பல் அம்மாள் போடும் வழக்கு மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும், கவலைப்படாதே.

நம் வீட்டு வரி ரசீதைப் படமெடுத்து அனுப்பு. நீ செய்யும் பீச் பழ ஜாமும் அனுப்பு, இங்கே தனியாக உட்கார்ந்தால் சாப்பாடு இறங்குவதில்லை. மேலதிகாரி கூப்பிடுகிறார், போகிறேன்.

உன் மகன்,
வெண்டல்