லைட் மட்டும் அனுப்பாதே

என் செல்ல மகனுக்கு அப்பா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். எப்போதும் தானே எழுதுகிற மனுஷன் இந்தத் தடவை ஏன் பாப்பாவைப் பிடித்து உட்கார வைத்தார் என்று யோசிக்காதே, மணிக்கட்டில் லேசான சுளுக்கு, வேறொன்றும் இல்லை. (அண்ணா, சுளுக்கு இல்லை. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான் எழுதுவது. அப்பா எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் இதை அவரால் படிக்க முடியாது. அப்பாவுக்குக் கண் தெரியவில்லை அண்ணா. பகலில் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, வெளிச்சம் குறைந்தால் அதுவும் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஸ்பீக்கரில்தான் பேசுகிறோம், எனக்கு அங்கே வாயே வராது. உன்னிடம் சொல்ல எனக்குக் கிடைத்தது இந்தக் காகிதம்தான்.)

நீ அனுப்பிய சைக்கிள் சக்கர விளக்கு வந்து சேர்ந்தது. இரண்டு சக்கரத்து ஸ்போக்ஸிலும் மாட்டிவிட்டேன், மிதிக்கும்போது பச்சை வட்டமாக ஓடுகிறதாம், பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் சிவப்புக் குஞ்சம், மூன்று பெல், நான்கு கண்ணாடி, மட்கார்டு நீளத்துக்கும் ரிஃப்ளெக்டர். எங்கள் ஃபாக்டரி ஸ்டாண்டுக்கு நீ ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும் தம்பி. எல்லாம் தினம் வேலைக்கு மிதித்து வருகிற வண்டிகள்தான், ஆனால் ஆளாளுக்கு ஜோடித்து வைத்திருக்கிறார்கள். வெல்டர் பாட்டுப் பெட்டி கட்டியிருக்கிறார், கேன்டீன்காரர் சீட்டுக்குப் புலித்தோல் மாதிரி உறை போட்டிருக்கிறார், வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் அரட்டை அடித்துக்கொண்டு ஒருத்தர் வண்டியை ஒருத்தர் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இருந்தாலும் கேட்டை ஒட்டின முதல் இடம் நம் வண்டிக்குத்தான். நான் வந்தாலே வாட்ச்மேன், “மாப்பிள்ளை வந்தாச்சு, ஒதுங்குங்கப்பா” என்று கத்துகிறார். உன் அம்மாவுக்குத்தான் வயிற்றெரிச்சல். “கல்யாணத்தன்னைக்குக்கூட இந்த மனுஷன் தலையை ஒழுங்கா வாரிட்டு வரல, இப்ப சைக்கிளுக்குச் சிங்காரம் கேக்குது” என்கிறாள். (அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் அழுதுகொண்டே வாசலுக்குப் போய்விடுவாள், பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஃபாக்டரி, மறுநாளே அப்பாவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். உள்ளே வேலையைக் கைப்பழக்கத்தில் தடவித் தடவியே சமாளிக்கிறார். அண்ணா, இது ஆசைக்கு ஜோடித்த வண்டி இல்லை. அத்தனை சைக்கிளில் தன்னுடையதைத் தேட முடியாமல் ஒரு நாள் ஸ்டாண்டு காலியாகும்வரை நின்றிருக்கிறார், அதற்குப் பிறகுதான் குஞ்சம் வந்தது, தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க. பெல்லும் விளக்கும் எதற்கென்றால், எதிரில் வருகிறவர்கள் அவருக்குத் தெரியாவிட்டாலும் அவர்களுக்கு அவர் தெரிந்து ஒதுங்க வேண்டும். நான்கு கண்ணாடியில் ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கிறது, அது அவருக்குத் தெரியாது. நாமெல்லாம் சிரித்தோம், நீயும் வேடிக்கை என்று நினைத்துப் பார்சலுக்கு மேல் பார்சலாக அனுப்பினாய்.)

என்ன இவ்வளவு நேரம் எழுதுகிறாய் என்று பாப்பாவைக் கேட்டால், எட்டாவதோடு நின்றவளுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும் என்கிறாள். அவளை நிறுத்தியிருக்கக் கூடாது, அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. நம் வண்டியின் செயின் கவரைப் பற்றிச் சொல்ல மறந்தேனே. நானே பெயிண்ட் அடித்தேன், முன்பாதி நீலம், பின்பாதி பச்சை. “ரெண்டு கலர், எப்படிண்ணே இந்த யோசனை வந்துச்சு” என்று வெல்டர் வாயைப் பிளந்தார். இப்போது ஸ்டாண்டில் பாதி வண்டிக்கு இரண்டு நிறம்தான், எல்லாம் என்னைப் பார்த்து. (நீல டப்பா தீர்ந்ததும் கைக்கு எட்டின அடுத்த டப்பாவைத் திறந்தார். இரண்டும் ஒரே நீலம் என்று நினைத்துத்தான் அடித்தார். மறுநாள் ஸ்டாண்டில் வெல்டர் சொன்னபோது அப்பா முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனதை நான் கேரியரிலிருந்து இறங்கும்போது பார்த்தேன். அப்புறம், “சும்மா தோணுச்சு” என்று சிரித்தார். ஊரே அவருடைய தவறைப் பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறது.)

எங்கள் ஃபாக்டரிக்கு எதிரில் இருக்கிற தையல் கம்பெனிக்குப் பாப்பா தினமும் என் கேரியரில்தான் வருகிறாள். வாயைத் திறக்காமல் வருவாள், மூட்டை கட்டி வைத்த மாதிரி. (நான் அவர் முதுகில் தட்டுவேன். இடது தோளில் தட்டினால் இடப்பக்கம், வலதில் தட்டினால் வலப்பக்கம், இரண்டு கையையும் முதுகில் வைத்து அழுத்தினால் பிரேக். ஒரு நாள் லாரி வருவதைப் பார்த்துப் பயந்து அழுத்தினேன், அவர் நிறுத்தினார், அன்றிலிருந்து அப்படியேதான் போகிறோம். அதைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்குத் தனியாகப் போனார். சாயங்காலம் ஒரு குஞ்சம் அறுந்து, கூடை நெளிந்து வந்தார், நாய் குறுக்கே வந்தது என்றார். இருட்டுவதற்குள் முன்பின் தெரியாத ஒரு பெண் அந்தச் சிவப்புக் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள், இடுப்பில் முழங்கையெல்லாம் தோல் உரிந்த குழந்தை. “இத்தனை மணி கட்டியிருக்காரே, கண்ணைக் கட்டிக்கிட்டா ஓட்டினார்” என்று கேட்டாள். நல்லவேளை அம்மா வீட்டில் இல்லை. நான் அவள் காலைப் பிடிக்காத குறையாக அனுப்பி வைத்தேன். அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு போனது அண்ணா, சாப்பிட உட்கார்ந்தால் அந்த முகம்தான் வருகிறது.)

அடுத்த மாதத்திலிருந்து பாப்பாவைக் கம்பெனியில் சாயங்கால ஷிஃப்டுக்கு மாற்றுகிறார்கள், இனி நான் ஒற்றையாகத்தான் போக வேண்டும். விடிவதற்கு முன்னால் கிளம்புகிறவன், தெருவிளக்கும் சரியில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே நல்ல முன்லைட் கிடைக்குமாம், பகல் மாதிரி அடிக்குமாம், இருப்பதிலேயே பிரகாசமானதாகப் பார்த்து அனுப்பு. அது மட்டும் வந்துவிட்டால் எனக்கு யார் துணையும் வேண்டாம். (லைட் மட்டும் அனுப்பாதே அண்ணா. கும்பிட்டுக் கேட்கிறேன். அது வந்தால் அவர் ஓட்டுவார். எந்த லைட்டும் அவருக்கு வழி காட்டாது, எதிரில் வருகிறவர்களுக்குக் கண் கூசும், அவ்வளவுதான். ஷிஃப்ட்டை மாற்ற வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லப் போனேன், அவர் மேஜைக்கு முன்னால் நின்று, தண்ணீர் மட்டும் கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். என்னால் முடியவில்லை. டயரில் காற்றைக்கூடப் பிடுங்கிப் பார்த்தேன், அரை நாளில் அடைத்துவிட்டார். நீ வா. கண் டாக்டரிடம் நீ கூப்பிட்டால் வருவார், நீ கையைப் பிடித்தால் வண்டியை விட்டு இறங்குவார். மாதம் பிறப்பதற்குள் வா.)

வேறென்ன, குளிரில் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, கோபக்கார மேஸ்திரியிடம் எதிர்த்துப் பேசாதே. எங்கிருந்தாலும் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் கை பட்டதெல்லாம் துலங்க வேண்டும். முன்லைட்டை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அப்பா

(கையெழுத்து எங்கே போடணும் என்று கேட்டார், காகிதத்தில் என் விரலை வைத்துக் காட்டினேன். கோடு சாய்ந்து என் நகத்தில் ஏறி இறங்கியிருக்கிறது பார். பிறகு காகிதங்களை வாங்கி விரலால் எண்ணிவிட்டு, “நான் சொன்னது இவ்வளவா” என்றார். என் எழுத்து பெரிசு என்றேன். கொஞ்ச நேரம் காகிதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் நீட்டி, “எதையும் அடிச்சிடாதம்மா, எழுதினது எழுதினபடியே போகட்டும்” என்றார்.)