பாட்டுப்பெட்டியில் இரைச்சல்

ஜனவரி 7

அதான் சாமி, நேற்றுப் பாதியில் விட்டேனே, எங்கள் கம்பெனி இனிமேல் கம்ப்யூட்டர் செய்யாதாம். வீட்டில் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் பெட்டிதானாம். "கம்ப்யூட்டர ஆபீஸ்காரங்கதான் வாங்கறாங்க. இத ஒவ்வொரு வீட்லயும் வாங்குவாங்க" என்றார் மேனேஜர். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிய பிறகுதான் உறைத்தது: பெட்டியில் கீபோர்டு இருக்காதே! அப்போ எனக்கு என்ன வேலை?

ஜனவரி 9

இத்தனை வருஷமாகக் கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு பொத்தானுக்கு ஒரு தடவை உன் பேர். வீட்டில் உன்னைக் கும்பிட்டதைவிட அந்த மேஜையில் கூப்பிட்டதுதான் அதிகம்.

"வேலை போனா போகட்டும், என்கூடப் பேசிட்டிரு" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் பயந்துபோனார்.

ஏப்ரல் 2

சூப்பர்வைசர் கூப்பிட்டார். நெட்டைத்தம்பி என்போமே, அவர்தான்.

"அத்தை, சத்தம் பாக்குற ரூம்ல ஒரு எடம் இருக்கு. பெட்டி பாடும், இரைச்சல் வருதான்னு கேக்கணும். ஆனா உள்ள வாயத் திறக்கக்கூடாது."

"நான் என்ன அப்படியா பேசறேன்?"

ஒரு மாதம் பார்ப்பார்களாம். சரிப்பட்டால் வேலை, இல்லையென்றால் வீடு.

ஏப்ரல் 3

பேசவில்லை.

ஏப்ரல் 4

இன்றும் பேசவில்லை. தாடை வலிக்கிறது.

ஏப்ரல் 21

காலையிலிருந்து எந்தப் பெட்டியைப் போட்டாலும் மெல்லிசாக ஒரு இரைச்சலாம். கூட உட்காருகிற பெண் எல்லாவற்றையும் ரிஜெக்ட் என்று ஒதுக்கினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காது மந்தம் என்று சொல்லிவிடுவார்களே என்று நானும் தலையாட்டினேன். இன்ஜினியர்கள் ஓடி வந்து பெட்டிகளைப் பிரித்துப் போட்டார்கள். பாவமாக இருந்தது. காப்பாத்து சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், அவள் என்னையே பார்க்கிறாள்.

"அக்கா, நீங்க போனதும் இரைச்சல் நின்னுடுச்சு."

"நான் என்னடி பண்ணேன்?"

"இப்ப பெட்டியே ஓடல, ஆனா கேக்குது. உங்க உதட்டத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். ஆடிக்கொண்டிருந்தது. உன் பேர்தான் சாமி! கையில பொத்தான் இல்லன்னாலும் வாய் நிக்கலையே. போச்சு, எல்லாம் போச்சு.

ஏப்ரல் 22

நெட்டைத்தம்பி சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். "அந்த ரூம் வேணாம் அத்தை."

பையை எடுத்தேன்.

"எங்க கெளம்பிட்டீங்க? பெட்டி வாங்கினவங்க போன் மேல போன் போடறாங்க. ஆபீஸ்காரங்கன்னா ரெண்டு வார்த்தைல முடிப்பாங்க. இவங்க பொத்தான் எங்கன்னு ஆரம்பிச்சு வீட்டுக் கதை பூரா சொல்றாங்க. நம்ம பசங்களுக்குப் பொறுமை இல்ல. பேச ஆள் வேணும்."

மே 5

பெட்டி பாடவில்லை என்று ஒரு அம்மா கூப்பிட்டார். ப்ளக்கே சொருகவில்லை. சொருகியதும் பாட்டு வந்தது. அதற்கப்புறமும் போனை வைக்காமல் அவர் மருமகளைப் பற்றிச் சொல்ல, நான் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல, நேரம் போனதே தெரியவில்லை. சாயங்காலம் நெட்டைத்தம்பி வந்து, "இந்த நாற்காலி இனிமே உங்களுதுதான் அத்தை" என்றார்.

நாள் பூரா பேசித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டில் பேசாமல் சோறு போட்டேன். வீட்டுக்காரர் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார்.

இரு சாமி... இன்னைக்குக் காலைலேர்ந்து உன் பேர ஒரு தடவகூடச் சொல்லலையே நான்.