உடன் இருப்பவர்

மார்ச் 3, செவ்வாய்
டிப்போவில் இன்று ஒரு பேருந்தின் பானெட்டில் கை வைத்ததும் கோளாறு எங்கே என்று சொல்லிவிட்டேன். பிரித்துப் பார்த்தார்கள், அங்கேதான். வீடு திரும்பும்போது மட்டும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நின்றேன். வயதாகிறது, வேறென்ன? ரத்தக்குழாய் அடைப்புக்குப் பைபாஸ் செய்த காலில் துடிப்பு நன்றாகவே இருக்கிறது. பத்து மாதமாகத் தினமும் பல் தேய்க்குமுன் தொட்டுப் பார்த்துவிடுகிறேன்.

மார்ச் 6, வெள்ளி
நின்ற இடங்கள் நான்கு.

மார்ச் 11, புதன்
ஸ்கேன். எடுத்த பெண், துடிப்பை எப்படிப் பார்ப்பேன் என்று கேட்டாள். செய்து காட்டினேன்.
"ஐயோ சார், கட்டைவிரலால பாக்கக்கூடாது. அதுக்கே துடிப்பு உண்டு. இத்தனை நாளும் உங்க விரலைத்தான் பாத்திருக்கீங்க."
தொட்டே எஞ்சின் கோளாறு சொல்கிற மேஸ்திரி! மானம் போயிற்று.
டாக்டர் சிரிக்கவில்லை. ஒட்டுப்போட்ட ரத்தக்குழாய், முழங்காலுக்குக் கீழே தைத்த இடத்தில் சுருங்கிவிட்டதாம். உள்ளே பலூன் விட்டு விரிக்க வேண்டும். "முழுசா அடைச்சிட்டா காலைக் காப்பாத்தறது கஷ்டம். வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க."
வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மார்ச் 12, வியாழன்
மகளின் எண்ணை எடுத்தேன், வைத்துவிட்டேன். அந்த பைபாஸ் ஆபரேஷன் முடிந்ததும் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சினாள். நான்தான் "யாரும் வேணாம், நீயும் வேணாம்" என்று கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது. இப்போ எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கூப்பிடறது? அவ அம்மா இருந்திருந்தா ரெண்டு பேரையும் திட்டியே சேத்து வெச்சிருப்பா.

மார்ச் 16, திங்கள்
படிவத்தில் 'உடன் இருப்பவர்' என்ற இடத்தில் டிப்போ டிரைவர் ஒருவர் கையெழுத்துப் போட்டார். உறவு — தம்பி. இரண்டு மணிக்கு அவருக்கு டூட்டி, போய்விட்டார்.
தொடை இடுக்கு வழியாக உள்ளே போனார்கள். விரித்தபோது உயிர் போய் வந்தது. "இப்ப நல்லா ஓடுது" என்றார் டாக்டர். பிறகு ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும். தாகம். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஸ்பூனில் தண்ணீர் விட்டார்.
"பசங்க யாரும் இல்லையாண்ணே?"
"இல்லம்மா."
வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன்? குத்துக்கல்லு மாதிரி ஒரு பொண்ணு இருக்கா — இல்லன்னுட்டேனே...

மார்ச் 17, செவ்வாய்
வீட்டுக்கு வந்துவிட்டேன். பாதம் கதகதப்பாக இருக்கிறது. கால் தப்பித்தது. சொல்லிச் சந்தோஷப்பட ஒரு ஆள் இல்லை.

மார்ச் 21, சனி
கூப்பிட்டேன். எடுத்தாள். அடைப்பு, பலூன் எல்லாம் சொன்னேன். மறைக்க மனம் வராமல் அதையும் சொன்னேன்.
"ஆஸ்பத்திரில ஒருத்தங்க கேட்டாங்க. எனக்குப் புள்ளைங்க இல்லன்னுட்டேன்மா."

"நானும் இங்க எல்லார்கிட்டயும் அப்பா இல்லன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள்.
அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை. போனையும் யாரும் வைக்கவில்லை.