திரையைத் துடைத்த பிறகும் நின்ற புள்ளி

என் செல்ல வாண்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகம்தானே? நலம் என்று போட்டதை நம்பிப் பாதியில் விட்டுவிடாதே, கடைசிவரை படி. போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று வெட்டிவிடுகிறாய், அதனால்தான் அப்பாவின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி மெயிலில் அனுப்புகிறேன்.

இந்தக் கம்ப்யூட்டர் கதை உனக்குப் பாதி தெரியும். வீட்டு வரைபடம் போடுகிற மனுஷனுக்குத் திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகப் பொடிப் புள்ளிகளும் குறுக்கே கோடுகளும் வந்தால் எது சுவர் எது கதவு என்று எப்படித் தெரியும்? மானிட்டர்தான் போச்சு என்றார். பக்கத்து வீட்டு டீச்சரின் மானிட்டரை வாங்கி மாட்டினோம், அதிலும் அதே கூத்து. வயரை மாற்றினோம், நீ அங்கிருந்தே டிரைவர் என்கிற சாஃப்ட்வேரைப் புதிதாகப் போட்டாய், ம்ஹூம். பிறகு நீதான் சொன்னாய், இதில் கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது, படம் காட்டவும் மெமரியிலிருந்தே இடம் எடுத்துக்கொள்ளும், மெமரி சரியில்லை என்றால் படமும் கெடும், கழற்றிப் பாருங்கள் என்று. அப்பா தொடமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். மெமரி பட்டைகள் இரண்டையும் எடுத்து, பளபளக்கும் ஓரத்தை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒன்றை மாட்டினால் மறுபடி புள்ளி, மற்றதை மாட்டினால் திரை பளிச். கெட்டதை எடுத்து ஓரமாகப் போட்டேன்.

நான் பெருமையாக இடுப்பில் கை வைத்து நின்றால், உன் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கலர் போச்சு, ஆனா கறுப்பா ஒண்ணு இன்னும் அலையுதே" என்கிறார். எனக்கு வந்ததே கோபம். துணியால் திரையைத் துடைத்தேன், இன்னும் இருக்கிறது என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சரி, நீ சொல்லிக்கொடுத்த மாதிரி ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்போம் என்று மானிட்டரை அணைத்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொன்னேன். சுவரிலும் அலைகிறதாம். இடது கண்ணை மூடச் சொன்னேன், இல்லையாம். வலதை மூடினால் இருக்கிறதாம். புள்ளி திரையில் இல்லை, அவர் இடது கண்ணில்தான். திரை கெட்ட நாளிலிருந்தே அது இருந்திருக்கிறது. எல்லாம் கம்ப்யூட்டர் செய்கிற வேலை என்று நினைத்து, வரைபடத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளித் தள்ளி வேலை பார்த்திருக்கிறார். அதுவும் கூடவே வந்திருக்கிறது!

அன்றைக்கே கண் டாக்டரிடம் இழுத்துப் போனேன். இடது கண்ணில் விழித்திரை கிழிந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அது பிரிந்து அந்தக் கண்ணில் பார்வையே போயிருக்கும் என்றார் அந்த டாக்டரம்மா. பிரிகிற துணிக்கு ஓரம் அடிப்பது மாதிரி கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து நிறுத்திவிட்டார்கள். இப்போது பயமில்லை. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றதும் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடுவதில்லை, அதில் மட்டும் டாக்டர் சொல் தட்டாதவர்.

இனிமேல்தான் விஷயம். தடிமனான கண்ணாடி போட்டவர்களுக்கு இது சீக்கிரம் வரும், பிள்ளைகள் யாராவது போடுகிறார்களா என்று டாக்டர் கேட்டார். அப்பாவை மிஞ்சின கண்ணாடி என் மகளுக்கு என்றேன். சொல்லும்போதே, போன தடவை நீ பேசியது ஞாபகம் வந்தது. உன் லேப்டாப் திரையிலும் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு ஓடுகிறது, கடையில் கொடுக்கணும் என்றாய். நேற்றுப் போனில் கேட்டதற்கும் "அது லேப்டாப் கோளாறும்மா" என்று சிரித்தாய். உன் அப்பாவும் அதையேதான் சொன்னார்.

நீங்கள் இருவரும் குறையொன்றும் இல்லாமல் நெடுநாள் வாழ எங்கள் ஆசிகள். சுவரில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்த வாரமே கண் டாக்டரைப் பார்த்துவிடு, தெரிந்தால் இன்றைக்கே போ. நீ கூப்பிடுவாய் என்று போன் அப்பாவின் கையில்தான் இருக்கிறது. இப்போது லேப்டாப்பை மூடு. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா