சீர்வரிசையில் வந்த பம்பர்

மண்ணூர்,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி நரசிம்மனுக்கு,

உன் அக்கா அம்சவல்லி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இடையிடையே சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அந்தக் கொளுத்தும் வெயிலில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவளுக்கு எதற்கு இந்தக் கடுதாசி வேலை என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நம் வீட்டில் போன் பேசுவது என்றால் ஸ்பீக்கரில் போட்டு, டிவி சத்தத்துக்கு மேலே மூன்று பேரும் ஒன்றாகக் கத்துவதுதானே. வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால் நீ அனுப்பும் பதிலை எனக்கு முன்னால் உன் மாமா கேட்டுவிடுகிறார். அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். அதுவும் போனில் பேசினால் நீ பாதியிலேயே கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

என்னோடு பேக்கிங் செக்‌ஷனில் இருக்கும் லூர்தம்மாளின் மகள் மெர்சி அங்கே தோஹாவில் நர்ஸாக இருக்கிறாள் இல்லையா, லீவு முடிந்து இந்த வாரம் கிளம்புகிறாள். அவளிடம் இதோடு நார்த்தங்காய் ஊறுகாயும் வெங்காய வடகமும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை ரூமில் இருக்கிறவர்களுக்கும் கொடு. போன தடவை கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துப் பூசணம் பிடிக்க விட்டாயே, அது மாதிரி செய்யாதே.

சுகப்பிரியா ப்ளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். காமர்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிக்கொண்டாள். என் தோளைத் தாண்டிவிட்டாள், வாயும் தாண்டிவிட்டது. நேற்று என்னைப் பார்த்து, மாமா மாதிரி பொறுமையா பேசக் கத்துக்கோம்மா என்கிறாள். உனக்குப் பொறுமையாம்! இதைக் கேட்டு உன் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்று சும்மா எழுதவில்லை. மாமா நன்றாக இருக்கிறார், லோடுக்குப் போகிறார் என்று உனக்குப் போனில் சொல்வதெல்லாம் நிஜம்தான். ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் நடுவே சின்னச் சின்ன நடைகளாகப் போய்வருகிறார். ஆனால் இன்னும் தும்மல் வந்தால் தலையணையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் தும்முகிறார். இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. தண்ணீர் கேனை நான்தான் தூக்கி மாட்டுகிறேன். நான் தூக்கும்போது அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படி.

சுகப்பிரியாவின் மஞ்சள் நீராட்டுக்கு நீ சீர் கொண்டுவந்தாயே, அதை இந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை. முன்னால் மேளம், பின்னால் பழத்தட்டு, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு. எல்லாவற்றுக்கும் பின்னால் நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாமாவின் லோடு வண்டிக்கு ஒரு இரும்பு பம்பர்! பெண்கள் எல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் வந்து பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. லீவில் வந்த நீ ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல், பென்னலூரில் சுப்பிரமணி பட்டறையில் உட்கார்ந்து உன் கையாலேயே வெல்டிங் வைத்து, நடுவில் தகட்டில் உன் மருமகள் பேரை வெட்டி எடுத்து வைத்திருந்தாய். மாமா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, எம்பொண்ணு பேரு முன்னாடி கீது, இனிமே எமனே வந்தாலும் சைடு குடுத்துட்டுத்தான் போவான் என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையில் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெருமை எனக்கு இப்போதும் இருக்கிறது, சிம்மு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

பங்குனியில், விடியற்காலை, ரோடு வேலைக்காக விளக்குகூட வைக்காமல் போட்டிருந்த கான்கிரீட் கட்டையில் மாமா மோதினார். எதிரே கம்பெனி பஸ் லைட் கண்ணில் அடித்ததாம். இது உனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது வழியில் வண்டியைப் பார்த்தேன். நிறுத்தி வைத்த மாதிரி நின்றது. பம்பரில் லேசாகப் பெயிண்ட் உரிந்திருந்தது, நம்பர் பிளேட் வளைந்திருந்தது, மற்றபடி ஹெட்லைட்கூட உடையவில்லை. அதைப் பார்த்து, ஒன்றும் ஆகியிருக்காது, சின்ன அடிதான் என்று நிம்மதியாகப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் மூன்று விலா எலும்பு உடைந்து, நுரையீரலில் குத்தி, நெஞ்சில் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். பெல்ட் போட்டிருந்தார். தோளிலிருந்து இடுப்புவரை பெல்ட் பட்டை அப்படியே கறுத்துக் கிடந்தது. கண் திறந்ததும் என்னையும் கேட்கவில்லை, பிள்ளையையும் கேட்கவில்லை. மச்சான் குட்த்த பம்பர் இன்னா ஆச்சு என்றுதான் கேட்டார். ஒரு கீறல் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே திரும்பத் தூங்கிவிட்டார். எனக்கு அன்றைக்கு அந்த இரும்பின் மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பம்பரைத்தான் புகழ்ந்தார்கள். வண்டியோடு நின்று போட்டோ எடுத்தார்கள். நீயும் அங்கிருந்து, பாத்தியாக்கா, நம்ம பம்பர்தான் மாமாவைக் காப்பாத்துச்சு என்று அழுதாய். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மாமாவோடு லோடு ஓட்டும் நாகப்பனை உனக்குத் தெரியும். அவரும் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஒரு மதகுச் சுவரில் போய் மோதினார். அவர் வண்டியில் பம்பர் கிம்பர் எதுவும் கிடையாது. முன்பக்கம் மொத்தமும் அப்பளமாக நொறுங்கி, வண்டி ஒரு மாதம் ஷெட்டில் கிடந்தது. அவருக்குக் காலில் சுளுக்கு, அவ்வளவுதான். அந்த மனுஷன் தன் ரெண்டு காலில் நடந்து, கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். படுத்துக் கிடக்கும் மாமாவைப் பார்த்தார், வெளியே வந்து என்னிடம், உன் வண்டி அப்டியே கீது தங்கச்சி, என் வண்டிதான் நாசமாப் போச்சு என்று வருத்தப்பட்டார். அங்கிருந்து நேரே சுப்பிரமணி பட்டறைக்குப் போய், இதே மாதிரி ஒன்று செய்யச் சொல்லிவிட்டார்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ரெண்டு பேரும் ஒரே வேகத்திலா போனார்கள், சுவரும் கட்டையும் ஒன்றா என்று நீ சண்டைக்கு வருவாய். எனக்குத் தெரியாது. ஆனால் நான் எட்டு வருஷமாகச் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் கம்பெனியில் கார் ஹெட்லைட்டை அட்டைப்பெட்டியில் போட்டு, சுற்றிலும் ஃபோம் வைத்து அனுப்புகிறோம். பெட்டி நசுங்கிப் போய்ச் சேர்ந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நசுங்கத்தானே பெட்டி. பெட்டி புதுசு மாதிரி இருந்து, உள்ளே லைட் உடைந்திருந்தால்தான் சூப்பர்வைசர் லைனை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுவார். மாமாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள் இது என் மண்டையில் உறைத்தது. நாம் எல்லோரும் பெட்டியைப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம், தம்பி.

வண்டியை சர்வீஸ் சென்டரில் காட்டினோம். ஸ்டீயரிங்கில் இருக்கும் ஏர்பேக் ஏன் விரியவில்லை என்று நான்தான் கேட்டேன். முன்னால் வெளி இரும்பு மாட்டினால் அடி அதற்குச் சரியாகத் தெரியாமல் போகலாம் என்றார்கள். போகலாம் என்றுதான் சொன்னார்கள், அடித்துச் சொல்லவில்லை. வண்டியின் முன்பக்கம் மடங்கித்தான் அடியை வாங்க வேண்டுமாம். வண்டியின் அடிச்சட்டம், அந்த சேசிஸோடு கனமான இரும்பைப் போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் அது மடங்காதாம், அடி நேரே உள்ளே இருக்கிற ஆளுக்குப் போகுமாம். கம்பெனிக்காரன் தன் பொருளை விற்பதற்குச் சொல்கிறான் என்று நீ சொல்லக்கூடும். சொல்லிக்கொள்.

இதை எல்லாம் கேட்டபோது மாமாவும் என் பக்கத்தில்தான் நின்றார். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவருக்குத் தெரியும், சிம்மு. வெளியே வந்து கொஞ்ச நேரம் வண்டி மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, இத மச்சான்கிட்ட சொல்லிடாத அம்சா, புள்ள தூங்காம கொள்ளாம செஞ்சது, மனசு ஒடிஞ்சிடும் என்றார். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைத்துக்கொண்டிருக்கிறேன். பெருமாள் என்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வண்டி ஓடத் தகுதி என்று சர்ட்டிபிகேட் வாங்கும் எஃப்.சி.க்காகப் போன வாரம் பம்பரைக் கழற்றினோம். ஆர்.டி.ஓ. ஆபீசில் கூடாது என்பதால் எல்லோரும் கழற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, மறுநாள் மாட்டிக்கொள்கிறார்கள். கூடாது என்று ஏன் வைத்தார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இப்போது அது கொல்லையில் கிடக்கிறது, நான் அதன் மேல் துணி உலர்த்துகிறேன். ஆடியில் மாட்ட வேண்டாம், ஆவணி முதல் வெள்ளிக்கிழமை பூஜை போட்டு மாட்டலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். நீ வேறு, இன்னொரு பைப் சேர்த்து இன்னும் கனமாக்கச் சொல்லி சுப்பிரமணிக்கு டிராயிங் அனுப்பியிருக்கிறாயாம். அதையும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறார். வேண்டாமே என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். மச்சான் வந்து பாத்துட்டு எங்கன்னு கேட்டா நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு பேசறது என்கிறார். போல்ட்டுகளை எடுத்து அரிசி டிரம்மில் ஒளித்து வைத்தேன். கடையில் புது போல்ட் வாங்கி வந்துவிட்டார்.

அவருக்கு நல்லது என்று நீ மாட்டச் சொல்கிறாய். உன் மனசு நோகக் கூடாது என்று அவர் மாட்டிக்கொள்கிறார். உங்கள் ரெண்டு பேருடைய பாசத்துக்கு நடுவில் அவர் நெஞ்செலும்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு அடியை அது தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். ஆவணி பிறப்பதற்குள் அவரைக் கூப்பிட்டு, மாமா அது வேணாம், விட்டுடுங்க என்று நீயே சொல்லிவிடு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அங்கே யாரோ சொன்னார்கள் என்று சொல், கனவு கண்டேன் என்று சொல், எதையாவது சொல். பிள்ளை பேர் இருக்கிற தகட்டை மட்டும் அறுத்து வீட்டு கேட்டில் வைக்கச் சொன்னால் இன்னும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்.

நீ செய்தது தப்பு என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். அந்த இரும்பில் நீ வைத்ததெல்லாம் எங்கள் மேல் இருக்கும் ஆசைதான். அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு அது தெரிகிறது. வெளியூரில் தனியாக இருக்கிறாய், இதைப் படித்துவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிடாதே. நீயும் அங்கே வண்டியில் ஏறினால் பெல்ட் போட்டுக்கொள். நல்ல இடமாக உனக்கு ஒரு பெண் அமைய வேண்டும், நூறு வயசு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தை மாதம் நீ வந்து இறங்கும்போது, ஏர்போர்ட் வாசலில் உன் பெட்டியைப் பிடுங்கிக்கொள்ள மாமா நிற்க வேண்டும். என் மேல் கோபம் வந்தால் அதுவரைக்கும் என்னோடு பேசாமல் இரு, பரவாயில்லை. அவரோடு மட்டும் இந்த வாரமே பேசிவிடு, ராஜா.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அக்கா அம்சவல்லி