பதினோராயிரம் மெயிலில் ஒன்று

அக்கா,

இன்று காலை என் கணினி புது மெயில் எதையும் வாங்க மறுத்துவிட்டது. இடம் நிரம்பிவிட்டதாம். படிக்காதவை மட்டும் பதினோராயிரம். வேறு வழியில்லாமல் பழையதிலிருந்து அழித்துக்கொண்டே வந்தேன். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் பெயர் வந்தது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

பள்ளிபாளையம் ஆபீசில் ஆறு வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். துண்டு ஏற்றுமதி. வெளிநாட்டு ஆர்டர்களை நீங்கள் பார்ப்பீர்கள். நீங்கள் அனுப்புவதை நான் சாயப்பட்டறைக்குச் சொல்வேன். சாம்பிள் துண்டும் பழைய ஃபைலும் அடைத்தது போக என் மேசையில் டம்ளர் வைக்க இடமிருக்காது. உங்கள் மேசையிலோ சாயங்காலம் ஒரு குண்டூசிகூட மிஞ்சாது. வந்த மெயில், அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் அன்றன்றே அழித்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள். "வேலை முடிஞ்சப்புறம் அது எதுக்குக் கண்ணு?" என்பீர்கள்.

எனக்கு அது ஒருநாளும் சரியாகப் படவில்லை. மறைக்க ஒன்றுமில்லாதவர் ஏன் இப்படித் துடைக்க வேண்டும்? நீங்கள் கிளம்பிய பிறகு உங்கள் குப்பைக்கூடையில் கிடந்த காகிதத் துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்திருக்கிறேன். மளிகைச் சீட்டுதான். அப்போதும் சந்தேகம் தீரவில்லை.

பிறகு அந்த நீலம். வாங்குகிறவர்கள் இரண்டாவது லாட்டுக்கு நிறத்தை மாற்றச் சொல்லியிருந்தார்கள். பட்டறையில் பழைய நீலத்தையே போட்டுவிட்டார்கள். சரக்கு மொத்தமும் நின்றுபோனது. முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டார். எனக்கு அனுப்பியதாக நீங்கள் சொன்னீர்கள். வரவில்லை என்று நான் சொன்னேன். உங்கள் பெயரில் தேடினால் ஆயிரக்கணக்கில் வரும் என்பதால், வாங்குகிற கம்பெனியின் பெயரைப் போட்டு அவர் முன்னாலேயே தேடிக் காட்டினேன்; எதுவும் கிடைக்கவில்லை. எடுத்துக் காட்ட உங்களிடமும் எதுவும் மிச்சமில்லை.

வெளியே வந்ததும் ஒரே ஒரு முறை கேட்டீர்கள்: "நல்லாத் தேடிப் பாத்தியா கண்ணு?"

"பாத்தேனுங்க. நீங்கதான் அனுப்ப மறந்துட்டு மறைக்கிறீங்க" என்றேன்.

நீங்கள் பதில் பேசவில்லை. அடுத்த வாரம் உங்களைக் குடோனுக்கு மாற்றினார்கள், அட்டைப்பெட்டிகளில் லேபிள் சரிபார்க்கிற வேலைக்கு. அந்த அமைதியையும் நான் குற்றமாகவே எடுத்துக்கொண்டேன். தப்புச் செய்தவர்தானே வாயைத் திறக்க மாட்டார் என்று சாப்பிடும்போது மற்றவர்களிடம் சொன்னேன். மெல்ல மெல்ல யாரும் உங்களோடு உட்காருவதில்லை என்றானது. இரண்டு வருடம் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே தனியாகச் சாப்பிட்டீர்கள். பிறகு நெஞ்சுவலி. ஒரே நாளில் முடிந்துவிட்டது.

இன்று கண்ணில் பட்டது அந்த மெயில்தான். தலைப்பில்லை. "ரெண்டாவது லாட்டுக்குக் கலர் மாத்தியிருக்காங்க. பட்டறைக்கு இன்னைக்கே சொல்லிடு." கூடவே புது நிறத்தின் படம். கம்பெனி பெயர் எங்கேயும் இல்லை. அதனால்தான் என் தேடலில் சிக்கவில்லை. சாயம் போடுவதற்கு மூன்று நாள் முன்பே வந்திருக்கிறது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். படித்துவிட்டு அப்படியே திருப்பித் தந்தார். "போனவங்களைப் பத்தி இப்ப எதுக்குங்க? அழிச்சுட்டு வேலையைப் பாருங்க" என்றார். சாப்பிடும் இடத்தில் எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்டினேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அதை அழிக்கவில்லை, அக்கா. ஆனால் மதியத்திலிருந்து வேறொன்று அரிக்கிறது. அந்த மெயில் திறக்காததாக, தடித்த எழுத்தில்தான் இருந்தது. ஆனால் எந்த மெயிலுக்கும் திறக்காமலேயே முதல் வரி வெளியே தெரியும். அன்று நாம் முதலாளி அறையிலிருந்து திரும்பிய பிறகு என்றாவது அது என் கண்ணில் பட்டிருக்குமா? பட்டும், படாததுபோல் கீழே தள்ளிக்கொண்டு போயிருப்பேனா? இல்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்று உங்களை நம்பாத புத்தி, இன்று என்னையும் நம்ப மாட்டேன் என்கிறது.